பிள்ளையார் வளவுப் பம்பு

செல்வரத்தினத்துக்கு மூன்று மொழிகள் தெரியும். மூன்றிலும் அவர் ஒருவரையும் நோகப் பண்ணியதில்லை. நெடுந்தீவில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அது அவர் காதில் விழுந்தால், உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

பதினாறு வயதில், குருநாகலுக்கு அப்பால் ஒரு சிறு பட்டினத்தில் இருந்த பெரியப்பாவின் பலசரக்குக் கடைக்குப் போனவர். சிங்களத்தைக் கடையிலும் ஆங்கிலத்தைப் பின்னேர வகுப்பிலும் படித்தார். பெரியப்பாவுக்கு விலை சொல்லும் சிங்களம் மட்டும் தெரியும், ஏச்சு விளங்காது. "இந்தப் பருப்பைக் கோழிகூடத் தின்னாது" என்று ஒருவர் சிங்களத்தில் ஏசிவிட்டு நின்றால், "போனமுறை வந்த பருப்பு இதைவிடத் திறமாம், பெரியப்பா" என்று செல்வரத்தினம் தமிழில் சொல்வார். "உவனுக்கென்ன தெரியும், விசரன்" என்று பெரியப்பா சொன்னால், "முதலாளி மன்னிப்புக் கேட்கிறார்" என்று அது சிங்களத்தில் போகும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பிரிவார்கள். கடை வளர்ந்தது. சொல்லின் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுப்பதுதான் மொழிபெயர்ப்பு என்று அந்த வயதிலேயே அவர் மனதில் பதிந்துவிட்டது.

1981இல் ஊருக்குத் திரும்பி, தாய்மாமன் ஆழ்வாப்பிள்ளையின் மகள் மீனாம்பிகையைக் கலியாணம் செய்தார். ஆழ்வாப்பிள்ளை நிறையத் தோட்டக் காணி உள்ளவர். பிள்ளையார் கோயிலின் முகாமையும் அவர் கையில்தான். கோயிலுக்கு முன்னால் ஒரு குறுகலான ஒழுங்கை ஓடும். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் இவர்களுடைய கல்வேலி வளவுகள். அந்தப் பக்கம், பனை ஏறியும் இவர்களுடைய தோட்டங்களில் கூலிக்கு நின்றும் சீவிக்கும் குடும்பங்கள். அவர்கள் கோயில் வளவுக்குள் வருவதில்லை. அங்குள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றில் கை வைப்பதில்லை. இந்தப் பக்கத்தார் யாராவது அள்ளி ஊற்றினால் குடத்தில் ஏந்திக்கொண்டு போவார்கள். இப்படித்தான் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறந்த பிள்ளை நடக்கப் பழகுவது போல எல்லாரும் பழகிக்கொண்டது.

1983 மாசியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் குழு, குழாய்க்கிணறு போட்டுக் கைப்பம்பு பூட்டித் தருவதற்காக வந்து இறங்கியது. எஞ்சினியர் யென்ஸ், டென்மார்க்கு நாட்டவர். துளைபோடும் இயந்திரக்காரர் ஜினதாச, குருநாகல் பக்கத்துக் கிராமத்தவர். இயந்திரத்தைத் தன் வள்ளத்தில் ஏற்றி வந்த குருசுமுத்து எழுவைதீவுக் கத்தோலிக்கர். வந்தவர் சம்பளத்துக்கு அவர்களோடேயே நின்றுவிட்டார். இவர்களை ஊரோடும் ஒருவரோடொருவரும் பேச வைப்பதற்குச் செல்வரத்தினத்தைப் பிடித்தார்கள்.

முதல் கிழமை ஒரே குழப்பம். யென்ஸ் வயிற்றுக்குப் பயந்து மூன்று வீடுகளில் தேத்தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று வீட்டாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் தங்கியிருந்துகொண்டு குருசுமுத்து வெள்ளிக்கிழமை மீன் பொரித்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் யென்ஸ் கத்திப் பேசுவதைத் தனக்கு விழும் ஏச்சு என்று எண்ணி ஜினதாச ஒருநாள் வேலைக்கே வரவில்லை.

செல்வரத்தினம் ஒவ்வொன்றாக முடிச்சவிழ்த்தார். செம்பை வலக்கையில் வாங்கி உதட்டில் படாமல் குடிக்கவும், வீட்டாரின் தண்ணீரைப் பற்றிக் கேட்குமுன் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கவும், வயது போன பெண்களிடம் விடைபெறும்போது கை கூப்பவும் யென்ஸுக்குப் பழக்கினார். ஜினதாசவிடம், "அவர் உன்னை ஏசவில்லை, இயந்திரத்தை ஏசுகிறார்" என்றார். குருசுமுத்துவுக்கு வேறு நாளில் மீன் பொரிக்க வேறு இடம் காட்டினார்.

"அண்ணை, வெள்ளிக்கிழமையிலை மீனுக்கும் விரதமோ?" என்று குருசுமுத்து கேட்டார். "நாங்கள் பெரிய வெள்ளிக்குத்தான் விடுறனாங்கள். நீங்கள் கிழமைக்குக் கிழமை விடுறியள். மீன் பிடிக்கிறவன் பிழைக்கிறேல்லையே?"

"நீ சனிக்கிழமை ரெண்டு மடங்காய்ப் பொரி. நானும் வாறன்."

ஒரு மாதத்துக்குள் நால்வரும் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். யென்ஸ் தன் மேலிடத்துக்கு எழுதியபோது, இந்த மனிதரிடமிருந்துதான் மனிதரோடு பேசப் படித்தேன் என்று எழுதியதாகச் சொன்னார். செல்வரத்தினத்துக்கு அன்று நெஞ்சு நிறைந்து போயிற்று. ஊரின் வழக்கங்களையெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒழுங்கையின் இரண்டு பக்கங்களைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்தவர் தன் ஊரைக் கீழாக நினைத்துவிடுவார் என்ற வெட்கம்.

இரண்டு இடத்தில் துளை போட்டுப் பார்த்ததில் இரண்டிலும் நல்ல தண்ணீர். ஒன்று பிள்ளையார் கோயில் பூந்தோட்டத்துக்குள். மற்றது ஒழுங்கை முகப்பில், எல்லாருக்கும் பொதுவான தரையில். பம்பு ஒன்றுதான் இருந்தது. முகப்பில் பூட்டலாம் என்பது யென்ஸின் எண்ணம். ஊரைக் கேட்டு முடிவு செய்வோம் என்றார். பங்குனி மாதம் கோயில் மடத்தில் கூட்டம் வைத்தார்கள். மடத்தில் வைப்போம் என்று சொன்னவர் செல்வரத்தினம். அங்கேதான் நிழல் இருக்கிறது என்று காரணம் சொன்னார்.

மடத்துக்குள் ஆழ்வாப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் கதிரைகளில் இருந்தார்கள். அந்தப் பக்கத்தார் கல்வேலிக்கு வெளியே வெயிலில் நின்றார்கள்.

"முகப்பிலை பூட்டினால் ஆடுமாடு முட்டும், வாறவன் போறவன் உடைப்பான்," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பூந்தோட்டத்துக்கை எண்டால் சாத்துற படலை இருக்கு, காவல் இருக்கு. பிள்ளையாருக்கும் தண்ணி ஆச்சு."

இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார் செல்வரத்தினம். யென்ஸ் எழுந்து வேலிப் பக்கம் போனார். "வெளியே நிற்பவர்களுக்கும் இது சம்மதமா என்று கேளுங்கள்."

வேலிக்கு அப்பால் முன்னுக்கு நின்றவள் யோகம்மா. ஐம்பதைத் தொட்டவள், செல்வரத்தினத்தைவிடப் பத்து வயது மூத்தவள். சால்வையை இடுப்பில் கட்டியபடி அவளுக்குப் பின்னால் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நிற்க, அவள் பேசினாள்.

"ஐயா, இவருக்கு ஒண்டு சொல்லுங்கோ. பூந்தோட்டத்துக்கை நாங்கள் கால் வைக்கேலாது. அங்கை பூட்டினால் அது எங்களுக்கு இல்லை. முகப்பிலை பூட்டச் சொல்லுங்கோ. இவ்வளவும் சொன்னால் காணும்."

மடத்துக்குள் ஒரு செருமல் கேட்டது. மாமாவின் செருமல். யென்ஸ் செல்வரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார்.

"அவர்களுக்கு முழுச் சம்மதமாம்," என்றார் செல்வரத்தினம் ஆங்கிலத்தில். "ஊருக்கு நல்ல தண்ணீர் வருவதில் மிகவும் சந்தோஷமாம்."

யென்ஸின் முகம் மலர்ந்தது. பழக்கிக் கொடுத்தது போலவே இரண்டு கையையும் கூப்பி, யோகம்மாவைப் பார்த்துச் சிரித்துத் தலை வணங்கினார்.

கூட்டத்தில் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்ற ஜினதாச, அன்று பின்னேரம் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்: "நல்ல வேலை செய்தீர்கள், மாத்தயா. எங்கள் ஊரிலும் வேலிக்கு வெளியே நிற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் கிராமத்துப் பெரியவரும் வெள்ளைக்காரருக்கு அதைச் சொல்லமாட்டார்." சொல்லிவிட்டு செல்வரத்தினத்தின் தோளில் தட்டினார். இத்தனை நாளில் ஜினதாச அவரைத் தொட்டுப் பேசியது அன்றுதான். இரண்டு பேரும் முழுக்க விளங்கிக்கொண்ட அந்த ஒரு விஷயம் இதுவாக இருந்ததால், செல்வரத்தினம் அன்று பொதுச் சட்டிச் சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போனார்.

ஆனியில் பம்பு பூட்டினார்கள். யென்ஸ் ஒவ்வொரு பாகத்தையும் ஆழ்வாப்பிள்ளைக்குக் கையில் எடுத்துக் காட்டினார். தண்ணீரை மேலே இழுக்கும் கிண்ணம் போன்ற ஒரு வாசரைக் காட்டி, இது நல்ல மாட்டுத்தோல், மூன்று வருடம் தாங்கும் என்றார்.

"என்னவாம்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"நல்ல றப்பராம் மாமா. மூண்டு வருசம் தாங்குமாம்."

பிள்ளையாருக்கு அபிஷேகத் தண்ணீர் எடுக்கப்போகும் பம்புக்குள் மாட்டுத்தோல் என்று எப்படிச் சொல்வது? அதையும் முள்ளை எடுத்துத்தான் கொடுத்தார். தேய்ந்தால் மாற்றுவதற்கு இன்னொரு வாசரைக் கொடுத்து, மாற்றும் விதத்தை ஜினதாச குருசுமுத்துவுக்குப் பழக்கினார்.

ஆவணியில் வந்து பார்ப்பதாக யென்ஸ் சொல்லிப் போனார். அப்போது தனியாக உட்கார்த்தி உண்மையைச் சொல்லிவிடலாம், முகப்புத் துளை மூடிபோட்டபடி அப்படியே இருக்கிறது, பம்பைக் கழற்றி மாற்ற ஒருநாள் வேலை என்று செல்வரத்தினம் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். ஆவணி வருமுன் ஆடி வந்தது. தெற்கில் கலவரம் மூண்டு தமிழர்களின் கடைகள் எரிந்தன. பெரியப்பாவின் கடையும் எரிந்தது. பெரியப்பா கப்பலில் வந்து இறங்கியபோது அவரிடம் உடுத்த வேட்டி மட்டும் இருந்தது. யென்ஸின் குழுவை மேலிடம் திருப்பி அழைத்துக்கொண்டது. ஜினதாச எங்கே, எப்படி இருக்கிறார் என்று தெரியவில்லை. அதன் பிறகு யாரும் வரவில்லை.

பம்பு பூந்தோட்டத்துக்குள்ளேயே நின்றது.

1986இல் மழை பொய்த்தது. அந்தப் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிவிட்டன. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், யோகம்மாவின் பேரனைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். பெண்கள் விடியவே படலைக்கு வெளியே குடங்களை வைத்துக்கொண்டு நின்றார்கள். பூசை முடிந்து யாராவது வந்து அடித்து ஊற்றும்வரை நிற்கவேண்டும். சில நாட்களில் வெயில் ஏறியும் ஒருவரும் வருவதில்லை.

செல்வரத்தினம் தாங்கமாட்டாமல் தானே போய் நின்று அடிக்கத் தொடங்கினார். காலையில் நெடுநேரம் அடித்துக் குடங்களை நிரப்பிப் படலைக்கு வெளியே வைப்பார். தோள் வலித்தது. அந்த வலி அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஊரில் சிலர் மெச்சினார்கள்.

ஒருநாள் யோகம்மாவின் குடத்தை நிரப்பிக் கொடுத்தபோது, "இனி நீ நிண்டு காயத் தேவையில்லை, யோகம்மா. நான் ஒவ்வொரு நாளும் வருவன்," என்றார்.

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீங்கள் வாத்தால் என்ன ஐயா, உங்கடை மாமா வாத்தால் என்ன? நாங்கள் படலைக்கு வெளியிலைதானே ஏந்திக்கொண்டு நிக்கிறம்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்வது போலச் சொன்னாள். செல்வரத்தினம் கைபிடியை விட்டார். அடுத்த நாள் அவர் போகவில்லை. போகாததற்கும் வெட்கமாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாமாவிடம் போனார். "மாமா, அந்தப் பக்கத்தாரும் வந்து தாங்களே அடிக்கட்டன். காலம் மாறிப்போச்சு."

ஆழ்வாப்பிள்ளை சாய்மனைக் கதிரையில் இருந்து நிமிரவில்லை. "நீர் என்ன புதுக்கதை கதைக்கிறீர்? பூந்தோட்டத்துக்கை பூட்ட அவைக்கு முழுச் சம்மதம் எண்டு வெள்ளைக்காரனுக்குச் சொன்னது ஆர்? அவன் கதைக்கிறது பிடிபடாது, நீர் சொன்ன அந்த ரெண்டு சொல் விளங்கிற அளவுக்கு எனக்கும் இங்கிலிசு தெரியும் தம்பி. நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்."

மூன்று மொழி தெரிந்தவருக்குச் சொந்த மாமனாருக்குத் தமிழில் சொல்ல ஒரு வசனம் வரவில்லை. மாமா தொடர்ந்தார்: "அண்டைக்கு நீர் செய்ததுதான் புத்தி. இப்ப ஏன் குழப்பிறீர்?"

கார்த்திகையில் பம்பு தண்ணீர் இழுக்க மறுத்தது. யுத்தத்தால் கடற்பயணம் உயிரைப் பிடித்துக்கொண்டு போகும் பயணமாகிவிட்ட காலம். என்றாலும் சொல்லியனுப்பியதும் குருசுமுத்து வந்தார். வேலைக்கு வருகிறவருக்குப் பூந்தோட்டப் படலை திறந்தது. வேலைக்கு என்றால் தீட்டில்லை. இருவரும் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்றினார்கள். தேய்ந்து ஊறிப்போன வாசரைக் குருசுமுத்து உள்ளங்கையில் வைத்து மணந்து பார்த்தார்.

"அண்ணை, இது உங்கடை மாமாவுக்குத் தெரியுமோ? மூண்டு வருசமாய்ப் பிள்ளையாருக்கு மாட்டுத்தோல் தண்ணியல்லோ வாத்திருக்கிறியள்!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளிக்கிழமை நான் ஒரு மீன் பொரிச்சதுக்கு என்ன பாடுபடுத்தினியள்!"

செல்வரத்தினமும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த வருடம் ஒரே வாயால் வேலியடியில் ஒரு பொய்யும் பம்படியில் ஒரு பொய்யும் சொன்னது நினைவில் வந்து நின்றது. ஒன்று தண்ணீரைப் பறித்தது. மற்றது அந்தத் தண்ணீரைப் பறித்தவர்களுக்கே காத்துக் கொடுத்தது.

"புது வாசரை இப்ப போடாதையும், குருசுமுத்து. இரும்," என்று சொல்லிவிட்டுப் பழைய வாசரைக் கையில் எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனார். ஆழ்வாப்பிள்ளையும் இன்னும் நாலைந்து பேரும் திருவிழாக் கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இது மாட்டுத்தோல். அண்டைக்கு நான் றப்பர் எண்டு பொய் சொன்னனான்."

ஆழ்வாப்பிள்ளை வாசரைப் பார்த்தார், தொடவில்லை.

"அபிஷேகத்துக்கு..." என்று ஒருவர் தொடங்கி நிறுத்தினார்.

"ஓம். அபிஷேகத்துக்கும் இதுக்குள்ளாலை வந்த தண்ணிதான்."

"றப்பர் வாசர் வாங்கிப் போடேலாதோ?" என்று இன்னொருவர் கேட்டார். இல்லை என்று சொன்னால் காரியம் சுலபமாக முடியும். செல்வரத்தினத்தின் வாயில் அந்த 'இல்லை' வந்து நின்றது. "யாழ்ப்பாணத்திலை தேடினால் கிடைக்கக் கூடும்," என்றார்.

"றப்பரும் மண்ணாங்கட்டியும்!" ஆழ்வாப்பிள்ளை எழுந்துவிட்டார். "மூண்டு வருசம் தோலிலை ஊறின குழாய். அதை இனிப் பிள்ளையார் வளவுக்கை வைச்சிருக்கவோ? கழட்டி எங்கையாவது எறியும். நீரும் இனி என்ரை முகத்திலை முழியாதையும்."

"முகப்பிலை துளை மூடிபோட்டபடி இருக்கு. அங்கை பூட்டட்டோ?"

"எங்கையாவது பூட்டும்! எங்களுக்கு வேண்டாம்."

வீட்டில் மீனாம்பிகை குசினிக்குள் இருந்தே கேட்டாள். "என்ரை அப்பாவுக்கு மூண்டு வருசம் மாட்டுத்தோல் தண்ணி பருக்கினனீங்களோ?"

"ஓம்."

"எனக்கும்?"

"எங்கள் எல்லாருக்கும்."

அவள் குசினி வாசலுக்கு வந்தாள். "தோல் எண்டதையே மறைச்ச மனிசன், வேறை என்னென்னத்தை மறைச்சிருக்கிறியளோ," என்றாள். அதற்கு அவரிடம் மறுமொழி இருந்தது. அதை முதலில் கேட்கவேண்டியவள் அன்று வேலியில் நின்று பேசியவள் என்பதால் சொல்லாமல் படுத்தார்.

அடுத்த நாள் குருசுமுத்துவும் அந்தப் பக்கத்து இளைஞர் இருவரும் பம்பை முகப்பில் பூட்டினார்கள். புதுத் தோல் வாசர் போட்டார்கள். முதலில் கலங்கலாகவும் பிறகு கண்ணாடி போலவும் தண்ணீர் வந்தது. பெண்கள் குடங்களோடு வந்து வரிசையாக நின்றார்கள். கைபிடியை முதலில் பிடித்தவள் யோகம்மா. நாலு அடி அடித்துவிட்டு நிறுத்தி, ஒதுங்கி நின்ற செல்வரத்தினத்தைப் பார்த்தாள்.

"ஏன் ஐயா திடீரெண்டு இதை எங்களிட்டை விட்டவை? உங்கடை மாமா மனம் மாறிட்டாரோ?"

வசனம் அவருக்குள் தானாகவே உருண்டு திரண்டு வந்தது. வயது போகப் போக மாமாவுக்கு இரக்கம் வந்துவிட்டது, பிள்ளைகள் வருத்தமாய்க் கிடக்கிறதைப் பார்த்து மனம் இளகிவிட்டார். யாருக்கும் நோகாது. அவள் சந்தோஷப்படுவாள். அவர் அதை விழுங்கினார்.

"இல்லை. பம்புக்கை மாட்டுத்தோல் கிடக்கு. அது தெரிஞ்ச உடனை தங்களுக்குத் தீட்டு எண்டு விட்டவை. உங்களுக்குத் தரவேணும் எண்டு தரேல்லை." மூச்செடுத்துக்கொண்டார். "இன்னொண்டும் இருக்கு. அண்டைக்கு நீங்கள் வேலியிலை நிண்டு சொன்னதை நான் அந்த வெள்ளைக்காரருக்குச் சொல்லேல்லை. உங்களுக்குச் சம்மதம் எண்டு சொன்னனான்."

அவளை நீங்கள் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை.

"அது தெரியும்," என்றாள்.

"எப்பிடி?"

"எங்களுக்குத் தண்ணி இல்லாமல் போகுமெண்டு சொன்ன பொம்பிளையைப் பார்த்து அந்த மனிசன் சிரிச்சுக் கும்பிட்டவர். நல்ல மனிசன். நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் சிரிச்சிருப்பாரோ?"

செல்வரத்தினம் தரையைப் பார்த்தார். அந்தக் கும்பிடு, அவரே நின்று பழக்கிக் கொடுத்த கும்பிடு.

"தண்ணி நல்ல தண்ணிதானே? அதைச் சொல்லுங்கோ."

"நல்ல தண்ணி."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. குடம் வைக்கவேணும்."

அவர் தள்ளி நின்றார். யோகம்மா வரிசைப் பக்கம் திரும்பினாள். மாட்டுத்தோல், தீட்டு, வேண்டாம் என்று விட்டது, வேலியில் சொன்ன பொய் என்று அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒரு சொல் குறையாமல், ஒரு சொல் கூடாமல் உரத்த குரலில் எல்லாருக்கும் சொன்னாள். ஒரு கிழவி காறித் துப்பினாள். பின்னால் நின்ற இளம் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். செல்வரத்தினம் போகலாம் என்று நினைத்தார், போகவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டார்.